புறக்காழ் இறக்கை

ரிமோட்டில் பறக்கும் தெர்மாகோல் கிளைடர் செய்த ஒரு பள்ளி மாணவி கேட்டிருந்தார்: "இறக்கை இரண்டு முறை உடலோடு சேரும் இடத்திலேயே ஒடிந்துவிட்டது. நடுவில் மூங்கில் குச்சி செருகி ஒட்டினால் தாங்குமா?"

கொஞ்சம் தாங்கும். ஆனால் குச்சிக்கு நடுப்பகுதிதான் இருப்பதிலேயே வீணான இடம்.

பறக்கும்போது காற்று இறக்கையைத் தூக்குகிறது, உடலின் எடை நடுவில் கீழே இழுக்கிறது. நுனிகள் மேல்நோக்கி வளைகின்றன. அப்போது இறக்கையின் அடிப்பரப்பு நீளப் பார்க்கும், மேல்பரப்பு சுருங்கப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே நீளாமலும் சுருங்காமலும் ஒரு அடுக்கு சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் இடத்தில்தான் குச்சியை வைக்கப் பார்க்கிறோம்.

ஒரு கணக்குப் போடலாம். இறக்கையின் தடிமன் 20 மி.மீ. கையில் 3 மி.மீ அகலமும் 1 மி.மீ தடிமனும் உள்ள இரண்டு கார்பன் இழைப் பட்டைகள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் படுக்கவைத்து ஒட்டினால் ஒரு விறைப்பு கிடைக்கும். அதே பட்டைகளில் ஒன்றை மேல்பரப்பிலும் மற்றொன்றை அடிப்பரப்பிலும் பதித்தால், கணக்குப்படி விறைப்பு சுமார் 270 மடங்கு! எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. நடு அடுக்கிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால்தான் இவ்வளவு வித்தியாசம். தெர்மாகோல் நுரை சற்று நெகிழ்ந்துகொடுப்பதால் நிஜத்தில் இது குறையும். அப்போதும் கையால் வளைத்தாலே தெரியும்.

பனைமரத்தைப் பிளந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வைரம் எனப்படும் கெட்டிப் பகுதி வெளியே, சோறு எனப்படும் மென்மையான பகுதி உள்ளே. இதைப் பழந்தமிழில் புறக்காழ் என்பார்கள். பனை, தென்னை, மூங்கில் எல்லாம் அந்த இனம். மூங்கிலின் நார்கள் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. புயலில் வளைந்து நிமிரும் மரத்துக்குள் இருப்பதும் நம் இறக்கைக் கணக்குதான். எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் சலிக்காத விஷயம் இது.

அப்படியானால் நுரைக்கு என்ன வேலை? மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் விலக்கிப் பிடித்திருப்பது. இரண்டும் ஒன்றையொன்று தாண்டி நழுவாமல் தடுப்பது. ஏணியின் இரு கால்களை இணைக்கும் படிகள் மாதிரி. அதற்கு வலுவான பசை வேண்டும். உடனடிப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும்; இரண்டு கலவைகளைச் சேர்த்து ஒட்டும் எபாக்சி நல்லது. அடிப்பக்கம் இழுவிசை மட்டுமே என்பதால் கண்ணாடி இழை ஓடும் டேப்பே போதும். மேல்பக்கம் அமுக்கம். அங்கே டேப் சுருங்கி மடிந்துவிடும், பட்டைதான் வேண்டும்.

பயத்தில் எல்லா இடத்திலும் டேப் சுற்றிவிடாதீர்கள். எடை 20% கூடினால், விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் சுமார் 10% கூடும். மோதும்போது உள்ள ஆற்றல் எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. இரண்டும் சேர்ந்து 44% அதிக அடி. பலப்படுத்தியதே உடைத்துவிடும்.

பட்டையைத் திடீரென்று முடிக்கவும் கூடாது. முடியும் இடத்தில் அழுத்தம் குவிந்து அங்கேயே ஒடியும். முனையைச் சாய்வாகச் சீவி, மேலும் கீழும் வெவ்வேறு தூரத்தில் முடியுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. இறக்கையின் இரு நுனிகளை மட்டும் இரண்டு நாற்காலிகளில் தாங்கவைத்து, கிளைடரை நடுவில் தொங்கவிடுங்கள். பறக்கும்போது தூக்குவிசை இறக்கை முழுக்கப் பரவியிருக்கும். இங்கே நுனியில் மட்டும். அதனால் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வளைக்கும் தாக்கம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. வானத்தில் 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது வரும் சுமையும் இதே இரு மடங்குதான். நாற்காலியில் தாங்கிய பிறகு, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக மணல் சேர்த்துப் பாருங்கள். டைவிலிருந்து சட்டென்று நிமிர்த்தும்போது வரும் சுமை இதைவிடவும் அதிகம்.