மானுடக்கடப்பியம்: டிரான்ஸ்ஹியூமனிசத்துக்கு ஒரு தமிழ்ச்சொல்

ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர்கள் சிலர் சேர்ந்து மன்றம் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். மூளையோடு கணினியை இணைப்பது, மரபணுவைத் திருத்துவது, முதுமையைத் தள்ளிப்போடுவது பற்றியெல்லாம் வாரம் ஒரு மாலை உட்கார்ந்து பேசுகிறார்கள். பெயர், டிரான்ஸ்ஹியூமனிசம் மாணவர் மன்றம். மனிதனின் இயல்பான எல்லைகளைத் தொழில்நுட்பத்தால் கடக்கலாம் என்னும் கொள்கைதான் டிரான்ஸ்ஹியூமனிசம். சுவரொட்டியில் அதைத் தமிழில் போட வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். ஒரு தாளில் பென்சிலால் மூன்று சொற்கள் எழுதியிருந்தார்கள்: மாற்றுமனிதவியல், மீமாந்தவியம், மனிதமேம்பாட்டியம். மூன்றாவதன் பக்கத்தில் ஒரு டிக்.

மூன்றுமே சரிவராது என்பது என் கருத்து. காரணம் அந்தச் சொல் வந்த வழியில் இருக்கிறது.

'டிரான்ஸ்' என்பது இலத்தீன். 'அப்பால்', 'அந்தப் பக்கம்' என்று பொருள். ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கத்து நிலத்தை ரோமானியர்கள் 'டிரான்ஸ்அல்பீனா' என்றார்கள். இந்தப் பக்கத்து நிலம் 'சிஸ்அல்பீனா'. நம்முடைய அக்கரை, இக்கரை மாதிரிதான். மாற்றம் என்ற பொருள் அதன் வேரில் கிடையாது. ஆகவே 'மாற்றுமனிதவியல்' முதலிலேயே போய்விடுகிறது.

மனிதநிலையைக் கடப்பதற்கு ஒரு வினைச்சொல்லை உண்டாக்கியவர் இத்தாலியக் கவிஞர் தாந்தே. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'டிவைன் காமெடி' காவியத்தில் சொர்க்கத்தைப் பாடும் பகுதியின் முதல் காண்டத்தில், 'டிரசுமனார்' என்று எழுதினார். அந்த அனுபவத்தைச் சொற்களால் உணர்த்த முடியாது என்று அதே வாக்கியத்தில் சொல்லவும் செய்தார். உவமைக்கு அவர் எடுத்துக்கொண்டது கிளாக்கஸ் என்ற மீனவனை. ஏதோ ஒரு புல்லைத் தின்று கடல்தெய்வமாகிப் போனவன் அவன். பொறியியல் மாணவர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

இன்றைய பொருளுக்கு அடித்தளம் போட்டவர் ஆங்கிலேய உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி, யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர். 1957இல் வெளியான ஒரு கட்டுரைக்கு இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். மனிதன் மனிதனாகவே இருந்துகொண்டு, தன் இயல்பில் புதிய சாத்தியங்களை உணர்ந்து, தன்னைத்தானே கடப்பது என்பது அவர் தந்த விளக்கம். 'மனிதனாகவே இருந்துகொண்டு' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். 1990இல் தத்துவவாதி மேக்ஸ் மோர் இதை ஒரு தத்துவமாக வரையறுத்தார். 1998இல் தத்துவவாதிகள் நிக் போஸ்ட்ராமும் டேவிட் பியர்ஸும் உலக அளவிலான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

ஹக்ஸ்லிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1959 முதல் 1962 வரை பிரிட்டனின் யூஜெனிக்ஸ் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் அவர். 'நல்ல' பிறப்பு எது, 'தாழ்ந்த' பிறப்பு எது என்று பிரித்து மனித இனத்தை உயர்த்தப் பார்த்த கொள்கை அது. அதன் பெயரால் பல நாடுகளில் கட்டாயக் கருத்தடை நடந்தது. அதனால்தான் டிக் போட்டிருந்த 'மனிதமேம்பாட்டியம்' எனக்குப் பிடிக்கவில்லை. மேல், கீழ் என்பதால் இவ்வளவு வேதனைப்பட்ட சமூகம் நாம். ஒரு புதிய சொல்லிலும் அதை நாமே கொண்டுபோய் வைக்கக் கூடாது. கடப்பதில் மேலும் இல்லை, கீழும் இல்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் மட்டும்தான்.

'மீ' நல்ல முன்னொட்டு. மீயொலி, மீக்கடத்தி என்று அறிவியல் தமிழில் நன்றாக ஊன்றிவிட்டது. ஆனால் அதிலும் உயரம் இருக்கிறது. ஜெர்மன் தத்துவவாதி நீட்சே சொன்ன அதிமனிதனுக்குத்தான் 'மீமாந்தன்' பொருந்தும்.

அப்புறம், 'மனிதம்' என்று போடலாமா? இன்றைய பேச்சில் மனிதம் என்றால் இரக்கம். 'மனிதம் செத்துப்போச்சு' என்கிறோம். மனிதத்தைக் கடந்தவர் என்றால் ஈரமில்லாதவர் என்று ஆகிவிடும். 'மாந்தர்' திருக்குறளிலேயே இருக்கும் அழகான சொல். ஆனால் அதிலிருந்து 'மாந்தம்' என்று எடுத்தால், கைக்குழந்தைக்குச் செரிக்காமல் வயிறு ஊதினால் வசம்பு உரைத்துக் கொடுக்கும் பாட்டிகளுக்கு வேறு அர்த்தம் கிடைக்கும். மிஞ்சுவது 'மானுடம்'. வடமொழி வேர்தான். ஆனாலும் கம்பன் 'மானுடம் வென்றது அன்றே' என்று சுக்கிரீவன் வாயால் சொல்லும்போது, தேவர்களுக்கு எதிரே மனிதப் பிறவி என்னும் நிலையைத்தான் சொல்கிறான். நமக்கு வேண்டியதும் அந்தப் பொருளே.

இனி வினை. இங்கே தமிழ் ஆங்கிலத்தைவிடக் கூர்மையாக இருக்கிறது. மானுடம் 'கடந்த' என்றால் வேலை முடிந்துவிட்டது, அது போஸ்ட்ஹியூமன். எஃப்எம்-2030 என்று தன் பெயரையே மாற்றிக்கொண்ட எதிர்காலவியல் எழுத்தாளர் எஸ்ஃபண்டியாரி, டிரான்ஸ்ஹியூமன் என்பதை இடைநிலை மனிதன் என்று விளக்கினார். அவர் மானுடம் 'கடக்கிறவர்'. காலம் காட்டாத தொழிற்பெயராக 'கடப்பு' இருக்கிறது. பெண்ணியம், மார்க்சியம் போல 'இயம்' சேர்த்தால் மானுடக்கடப்பியம்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் காதுக்குப் பின்னால், முடிக்குள்ளிருந்து ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டத் தகடு ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்காதிலுள்ள செவிச்சுருளில் பொருத்திய கருவியின் வெளிப்பகுதி. திரும்ப வைத்ததும் தோலுக்கு அடியிலிருந்த காந்தம் 'டக்' என்று பிடித்துக்கொண்டது. "நான் அந்தக் கணக்கில் வருவேனா சார்?" என்றார்.

அவருடைய கருவியில் 22 மின்முனைகள். இயல்பான காதில் ஒலியை மூளைக்குச் சொல்லும் உள்மயிர்ச் செல்கள் சுமார் 3,500. மற்றவர்களுக்குக் கேட்பதில் ஒரு பங்கைக் கருவி அவருக்குத் திருப்பித் தருகிறது. அது சிகிச்சை. நீல் ஹார்பிசனை எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே நிறம் தெரியாதவர். மண்டையோட்டில் ஓர் ஆண்டெனாவைப் பொருத்திக்கொண்டு நிறங்களை ஒலியாகக் கேட்கிறார். அதுவரை அதுவும் ஈடுசெய்வதுதான். பின்னர் அகச்சிவப்பு, புறஊதா வரை கேட்க ஆரம்பித்தார். இயல்பான மனிதக் கண்ணுக்குத் தெரியாத பக்கம் அது. கடப்பு தொடங்குவது அங்கேதான்.

மாணவர் தலையாட்டினார். "அப்போ எனக்கும் வௌவால் சத்தம் கேட்கிற மாதிரி மாற்றினால்?"

"அப்போது வருவீர்கள்" என்றேன். பென்சிலை வாங்கி, தாளில் நான்காவது சொல்லை அவரே எழுதினார்.