ஏரிக்கரை வீடு வாங்கினால் கரையும் உங்களுடையதுதான்

அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு குடியிருப்பு. எண்பது வீடுகள், நடுவில் சின்ன ஏரி. கரையை ஆய்வு செய்து எச்ஓஏ எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டத்தில் அறிக்கை கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வாகன நிறுத்தத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் காத்திருந்தார். வீடு வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறதாம். "சார், ஏரி கவுண்டி அரசாங்கத்தோடதுதானே? ரிப்பேருக்கு நாங்க ஏன் பணம் கட்டணும்?" என்று கேட்டார்.

ஜார்ஜியாவில் மண் அணைகளை ஆய்வு செய்யும் பொறியாளராக இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். இங்கே புறநகரில் இருக்கும் அழகான ஏரிகளில் பெரும்பாலானவை இயற்கையாக உண்டானவை அல்ல. மனை நல்ல விலைக்குப் போக வேண்டும் என்று யாரோ ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பியிருப்பார்கள். மனைகள் விற்றதும் ஏரியைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆக, சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் நீங்களும் அந்த அணைக்குச் சொந்தக்காரர்.

நம் ஊர் ஏரியோடு ஒப்பிட்டால் விஷயம் எளிதாகப் புரியும். அதே மண்கரைதான். அதே மாதிரி தண்ணீரைத் திறந்துவிட ஒரு மதகு, மிகுந்த வெள்ளம் வெளியேற ஒரு கலங்கல். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊரில் ஏரித் தண்ணீர் வயலுக்குப் போகிறது. அதனால் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியாவது தினமும் கரையில் நடப்பார், மதகைப் பார்ப்பார். இங்கே ஏரி மீன் பிடிக்கவும் படகு விடவும் மட்டும்தான். தண்ணீருக்காக யாரும் காத்திருப்பதில்லை என்பதால் கரையையும் யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் குடியிருப்பில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது கலங்கலில் கட்டியிருந்த வலை. நீர்ச்செடிகளைத் தின்பதற்காகக் காசு கொடுத்து வாங்கிவிட்ட புல்கெண்டை மீன்கள் மழையில் தப்பிவிடக் கூடாதாம். வலையில் இலையும் கிளையும் அடைத்துப் பாதிக் கலங்கல் மூடிக் கிடந்தது.

1889-இல் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை உடைந்த கதையிலும் இப்படியொரு மீன் தடுப்பு வருகிறது. 72 அடி உயர மண் அணை. பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகத்துக்குச் சொந்தம். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக் எல்லாம் அதில் உறுப்பினர்கள். அடியில் இருந்த வடிகால் குழாய்களை முந்தைய உரிமையாளர் கழற்றி விற்றுவிட்டிருந்தார், கழகம் புதிதாகப் போடவில்லை. வண்டிப்பாதைக்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் போய்விடாமல் கலங்கலில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். மே 31 அன்று பெருமழையில் தடுப்பில் குப்பை அடைத்துக்கொண்டது. தண்ணீர் கரை மேலேறி வழிந்தது. மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் அப்புறம் நிறுத்த முடியாது, அரித்துக்கொண்டே போகும். சுமார் ஒரு மணி நேரத்தில் வெள்ளம் 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுனை அடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர்.

அது பெரிய அணை, நமது சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். இதே ஜார்ஜியாவில், டோக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணைக்கு உயரம் சுமார் 40 அடிதான். மின்சாரம் எடுப்பதை 1957-இல் நிறுத்திய பிறகு அது வெறும் பொழுதுபோக்கு ஏரி. வெளிச்சரிவு செங்குத்தாக இருந்தது, அதில் மரங்கள் வளர்ந்திருந்தன. 1973-இல் எடுத்த படத்திலேயே சரிவு ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது தெரிகிறது. 1977 நவம்பர் 6, பின்னிரவு ஒன்றரை மணிக்குக் கரை உடைந்தது. கீழே கல்லூரி வளாகத்தில் இருந்தவர்களில் 39 பேர் போய்விட்டார்கள், அதில் 20 பேர் குழந்தைகள். ஜார்ஜியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அடுத்த ஆண்டுதான் வந்தது. 25 அடி உயரமோ 100 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர்-அடி) கொள்ளளவோ இருந்தால்தான் ஓர் அணை அந்தச் சட்டத்துக்குள் வரும். இரண்டையும் எட்டாத கரையைப் பார்க்க அதன் சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

மரத்தைப் பற்றித்தான் ஆய்வுக்குப் போகும் இடமெல்லாம் சண்டை வரும். நிழல் தரும் பைன் மரத்தை எடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் புயலில் அது சாயும்போது வேரோடு கரையின் ஒரு பகுதியையும் பெயர்த்துக்கொண்டு போகும். சரி, வெட்டிவிடலாம் என்று நீங்களாகவே வெட்டிவிடாதீர்கள். பெரிய மரத்தை வெட்டி வேரை உள்ளேயே விட்டால், வேர் மக்கிய இடம் தண்ணீருக்கு வழியாகிவிடும். எதை எடுப்பது, குழியை எப்படி நிரப்பி இறுக்குவது என்று பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கரைக்குள் புதைந்திருக்கும் நெளிதகட்டுக் குழாய் இன்னொரு கவலை. பல ஏரிகளில் ஐம்பது வருடம் கடந்த குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடக்கின்றன. ஓட்டை வழியாக மண் உள்ளே இறங்கும். மேலே கரையில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். அதில் ஒரு லாரி மண்ணைக் கொட்டி மூடிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று இருப்பார்கள். அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் உடனே குழாய்க்குள் கேமரா விட்டுப் பாருங்கள்.

கசிவு இல்லாத மண்கரை கிடையாது. தெளிந்த நீர் எப்போதும் ஒரே அளவில் கசிந்தால் கவனித்து வந்தால் போதும். நீர் கலங்கி வந்தால் கரையின் மண் வெளியே போகிறது என்று பொருள். அந்த வாயைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைக்கக் கூடாது, தண்ணீர் வேறு வழி தேடும். மணலும் அதன் மேல் ஜல்லியும் போட்டால் மண் தங்கும், தண்ணீர் மட்டும் வெளியேறும். உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள், கீழே இருக்கும் வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள். உடைப்பு அபாயம் இல்லாத நேரத்தில் ஏரியை இறக்குவதாக இருந்தால் ஒரு நாளில் ஓர் அடிக்கு மேல் வேண்டாம். வேகமாக இறக்கினால் ஊறிப்போன உட்சரிவு சரிந்துவிடும்.

வாகன நிறுத்தத்தில் கேட்டவருக்கு இதையெல்லாம் சொல்லி, கசிவு வெளியேறும் இடத்தில் ஒரு வாளி வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று மாதாமாதம் குறித்து வைக்கச் சொன்னேன். வலையை அடுத்த வாரமே எடுத்துவிட்டார்கள். போன வாரப் பெருமழைக்குப் பிறகு அவர் ஒரு வீடியோ அனுப்பினார். வாளி நிரம்ப 41 நொடி. முந்தைய மாதம் 43. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.