குழந்தையோடு திரும்பி வரும் மாதம்

தம்பதி ஆலோசனைக்கு வரும் இளம் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "தாய்வீட்டிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்றுதான். பாதிப் பேர், "போன மாசம்" என்பார்கள்.

முதல் பிரசவம் நம்மிடம் பெரும்பாலும் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து அழைத்துப் போனால், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் கொண்டுவந்து விடுவார்கள். அம்மாவின் கைப்பத்தியமும் கவனிப்பும் வேறெங்கே கிடைக்கும்? அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனை நாளும் கணவர் வெறும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. கறிக்குழம்பு சாப்பிட்டு, பத்து நிமிடம் குழந்தையை மடியில் வைத்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மனைவி அதற்குள் அழுகையை வைத்தே பசியா தூக்கமா என்று சொல்லிவிடுவார். இவருக்குத் தூக்கவே பயம்.

திரும்பி வந்ததும் இவர் தூக்கினால் குழந்தை அழும். "குடுங்க, உங்களுக்குத் தெரியாது" என்று மனைவி வாங்கிக்கொள்வார். நாலு முறை இப்படி ஆனால் இவர் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். "ஒத்தாசையே இல்லை" என்கிறார் மனைவி. "என்னை விட்டால்தானே" என்கிறார் கணவர். இரண்டுமே உண்மை.

நான் சொல்வது இதுதான்: ராத்திரியில் பால் கொடுப்பது அம்மா, ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது அப்பா. அந்த நேரம் மனைவி பக்கத்து அறையில் படுத்திருக்க வேண்டும். மாமியாரும்தான். டயப்பர் கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். பலர் அதை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்த்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் திரும்புவதாக இருந்தால், வீட்டுக்கு வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனியாரில் கம்பெனி மனசு வைத்தால் உண்டு.

கூச்சத்தில் யாரும் கேட்காத ஒன்று. பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் உடலுறவில் வறட்சியும் வலியும் வரலாம், நாட்டமும் குறையலாம். "என்னைப் பிடிக்கவில்லை போல" என்று கணவர் தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறார். மகப்பேறு மருத்துவரிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள்.

அப்புறம், பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது அம்மாக்கள் பலருக்கும் உண்டு. அதைத் தாண்டியும் அழுகை நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்பாக்களுக்கும் இந்த மனச்சோர்வு வரும். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.