அண்ணனை இழந்த ஷூரிக்கு ஏன் அவ்வளவு கோபம்?

சூப்பர் ஹீரோ படங்களில் செத்தவர்கள் பெரும்பாலும் அடுத்த பாகத்தில் எழுந்து வந்துவிடுவார்கள். 2022 நவம்பரில் வெளியான ‘பிளாக் பாந்தர்: வகாண்டா ஃபாரெவர்’ படத்துக்கு அந்த வசதி இல்லை. நாயகனாக நடித்த சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட் 28 அன்று பெருங்குடல் புற்றுநோயால் காலமானார், வயது 43. நோய் 2016இலேயே தெரிந்துவிட்டது. அறுவை சிகிச்சை, கீமோதெரபி என்று போய்வந்துகொண்டே முதல் பாகத்திலும் வேறு படங்களிலும் நடித்தார், வெளியில் மூச்சுவிடவில்லை. இயக்குநர் ரயன் கூக்ளர் அவருக்காக எழுதி வைத்திருந்த கதையை ஓரம்கட்டிவிட்டு, வேறு நடிகரைப் போடாமல், போஸ்மேன் ஏற்றிருந்த வகாண்டா நாட்டு மன்னர் டி'சாலா பாத்திரமும் நோயில் இறந்துபோவதாகவே இரண்டாம் பாகத்தைத் தொடங்கினார்.

நான் மருத்துவ உளவியலாளர். நெருங்கியவரை இழந்து நிலைகுலைந்தவர்களோடு பேசுவது அன்றாட வேலை. மார்வெல் படம் என்றால் முதல் வாரமே போய்விடுகிற ஆளும்கூட. இந்தப் படம் எனக்கு ஒரு படி மேலே நிற்கக் காரணம் சண்டைக் காட்சிகளோ கடலுக்கடியில் இருக்கும் நகரமோ இல்லை. இறந்தவரின் தங்கை ஷூரியைக் கதைக்கு நடுவில் வைத்ததுதான். நம் சாவு வீடுகளில் அம்மாவைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள், மனைவியைச் சுற்றி இருப்பார்கள். கூடப்பிறந்தவர்கள் பந்தலுக்குச் சொல்லவும், ஃப்ரீஸர் பெட்டிக்குப் பணம் கட்டவும், டீ வாங்கி வரவும் ஓடிக்கொண்டிருப்பார்கள். “அம்மாவைப் பாத்துக்கப்பா, இனிமே நீதான்” என்று தோளில் தட்டிவிட்டுப் போவோம். அவனை யார் பார்த்துக்கொள்வது என்று யாருக்கும் தோன்றாது.

படத்தின் தொடக்கத்தில் ஷூரி அண்ணனின் படுக்கை அருகே இல்லை, ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அவனைப் பிழைக்க வைக்கக்கூடிய, பிளாக் பாந்தருக்குச் சக்தி தரும் மூலிகையைச் செயற்கையாக உருவாக்கப் போராடிக்கொண்டிருக்கிறாள். அம்மா ரமோண்டா உள்ளே வந்து, உன் அண்ணன் முன்னோர்களிடம் போய்விட்டான் என்கிறாள். அவ்வளவுதான். இந்தச் சில நிமிடங்களில் ஷூரிக்கு மூன்று சுமைகள் ஏறிவிடுகின்றன: அண்ணன் போய்விட்டான், கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லை, இத்தனை அறிவு இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. போதாததற்கு, அவன் நோயை மறைத்தே வைத்திருந்தான். உதவி கேட்டபோது நேரம் போய்விட்டது.

இதே போல ஒருவர் என்னிடம் வந்திருந்தார். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். அண்ணன் புற்றுநோயில் இறந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அவர் துக்கம் என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. வேலையிடத்தில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறார், வீட்டில் தட்டைத் தூக்கி எறிகிறார் என்று மனைவிதான் அழைத்துவந்தார். அழுதாரா என்று கேட்டேன். “அழ எங்கங்க நேரம்?” என்றார். அடுத்த சந்திப்பில்தான் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து மேசையில் வைத்தார். அண்ணனின் பழைய ஸ்கேன். நைட் ஷிஃப்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதைப் போட்டு, கட்டி எந்தப் படத்திலிருந்து தெரிகிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தான் அன்றைக்கே பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்பது அவர் கணக்கு.

இப்படிப்பட்டவரிடம் “உன் மேல தப்பு இல்லப்பா” என்று சொல்வது சுலபம். ஊரே சொல்லியிருக்கும், காதில் ஏறியிருக்காது. முடிவு தெரிந்த பிறகு பழைய படத்தைப் பார்த்தால் எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும். அன்றைக்கு அவருக்கு என்ன தெரிந்திருந்தது, இன்றைக்கு என்ன தெரியும் என்று இரண்டையும் பிரித்து எழுத வைத்தோம். அதற்கே சில வாரங்கள் போயின. அப்புறம்தான் அண்ணன் உயிரோடு இருந்தபோது எப்படிப்பட்ட ஆள் என்று பேச ஆரம்பித்தார். அதுவரை அண்ணன் அவருக்கு ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டாக மட்டுமே இருந்தார்.

படத்தில் ஓராண்டு கழித்து வரும் ஆற்றங்கரைக் காட்சியை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். ரமோண்டா ஷூரியை அழைத்துப்போய், இறுதிச் சடங்கில் உடுத்திய வெள்ளை உடையை எரித்துத் துக்கத்தை முடிக்கச் சொல்கிறாள். காற்றில் தன் மகன் இருப்பதை உணர்ந்ததாகவும் சொல்கிறாள். அதெல்லாம் உன் மனம் உண்டாக்கிய ஆறுதல் என்கிறாள் ஷூரி. சரி, உன் மனம் உனக்கு எதை உண்டாக்குகிறது, ஆறுதலையா வேதனையையா என்று திருப்பிக் கேட்கிறாள் தாய். அண்ணனைப் பற்றி உட்கார்ந்து யோசித்தால் இந்தத் துணியை மட்டும் இல்லை, உலகத்தையே எரித்துவிடுவேன் என்கிறாள் மகள். ஒரே சாவு, ஒரே வீடு, இரண்டு பேருக்கு இரண்டு வேகம். தலைத்திவசம் முடிந்தாயிற்று, இன்னும் என்ன என்று கேட்கிற வீடுகளில் நடப்பது இதுதான். இங்கே யார் பக்கமும் தவறில்லை. இந்தக் காட்சிக்காகவே ஆஞ்சலா பாசெட்டுக்கு கோல்டன் குளோப் கொடுத்திருக்கலாம். (கொடுத்தார்கள், மொத்த நடிப்புக்கும்.)

துக்கம் ஐந்து படிகளாக வரும் என்பதைப் பலரும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. இழந்து நிற்பவர்களுக்கான அட்டவணையாக இல்லை. துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோப், ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த பார்வைதான் எனக்கு நடைமுறையில் உதவுகிறது: மனம் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கும். காலையில் அழுதவர் மாலையில் சீரியல் பார்த்துச் சிரிப்பார். அது நடிப்பில்லை. எந்தப் பக்கமாவது சிக்கிக்கொண்டால்தான் சிக்கல். ஷூரி வேலையின் பக்கம் சிக்கிக்கொண்டவள்.

பிறகு, கடலடி நகரத்தின் அரசன் நேமோர் நடத்தும் தாக்குதலில் அம்மாவையும் இழக்கிறாள். தான் உருவாக்கிய மூலிகையைக் குடித்து முன்னோர் உலகத்துக்குப் போனால், எதிரே நிற்பது அம்மா இல்லை, அண்ணனும் இல்லை, கில்மாங்கர். முதல் பாகத்தில் அந்த மூலிகைத் தோட்டத்துக்குத் தீ வைக்கச் சொன்ன அதே ஆள். பழிவாங்கும் எண்ணத்தோடு போனவளை வரவேற்க வேறு யார் வருவார்கள்? கோபத்தில் இருப்பவரிடம் “கோபப்படாதே” என்று சொல்லாமல், அந்தக் கோபம் அவரை யாரோடு கொண்டுபோய் உட்கார வைக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். கடைசியில் நேமோரைக் கொல்லாமல் விடுகிற மனமாற்றம் மட்டும் எனக்குக் கொஞ்சம் அவசரம். 161 நிமிடப் படத்தில் சிஐஏ சமாச்சாரத்தைக் குறைத்து இதற்கு நேரம் கொடுத்திருக்கலாம். நிஜத்தில் கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

நக்கியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டி'சாலாவின் காதலி, ஆனால் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. “சாவுக்குக்கூட வரல” என்ற ஒன்றுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் நம்மிடம் எத்தனை! படத்தின் முடிவில்தான் தெரிகிறது, அவள் ஹைட்டியில் ஒரு சிறுவனை வளர்க்கிறாள், டி'சாலாவின் மகன். அங்கேயே அவர்கள் தங்கள் சடங்கைச் செய்திருக்கிறார்கள். வராதவர் துக்கப்படவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம், கேட்டுப் பார்ப்பதில்லை.

துக்கம் நோயில்லை, பெரும்பாலானோருக்கு ஆலோசனையே தேவைப்படாது. ஆனால் ஏக்கமும் வலியும் மாதக்கணக்கில் கொஞ்சமும் தளராமல், வேலை, தூக்கம், உறவு எல்லாவற்றையும் முடக்கிப்போட்டால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. எது எப்படியோ, “நானும் அவன்கூடவே போயிடறேன்” என்ற பேச்சு வந்தால் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து இந்தப் படத்தைத் திடுதிப்பென்று போட்டுவிடாதீர்கள். மார்வெல் பெயர் திரையில் வருவதற்குள் மரணமும் சவ ஊர்வலமும் வந்துவிடும். முதலிலேயே சொல்லிவிட்டு, பார்க்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.