பவுல்: கிண்ணமா, கோப்பையா, அழைப்பா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் (நாம் அறிந்த கால்பந்து அன்று; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பற்றித் தமிழில் எழுத முற்படுவோரை முதலில் தடுக்கி விழச் செய்யும் சொல் ‘பவுல்’. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை அங்கு ரோஸ் பவுல், சுகர் பவுல், காட்டன் பவுல் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடக்கின்றன. அவற்றுக்கு எந்த அணியை அழைப்பது, எதை விடுவது என்ற வாக்குவாதம் ஆண்டுதோறும் அந்நாட்டையே பிடித்துக்கொள்கிறது. இந்தச் சொல்லைக் ‘கோப்பை’ என்று மொழிபெயர்த்துவிட்டால் அந்த வாக்குவாதம் ஏன் எழுகிறது என்பதே வாசகருக்குப் புரியாமல் போய்விடும் என்பதால், சொல்லின் வரலாற்றை நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட்டில் ஊறிய நமக்கு ‘பவுல்’ என்றதும் பந்து வீசுவதுதான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் அமைந்த இரண்டு தனித்தனிச் சொற்கள் இவை. பந்துவீச்சைக் குறிப்பது, நீர்க்குமிழி என்று பொருள்படும் லத்தீன் சொல்லான ‘புல்லா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, உருட்டும் பந்துக்குப் பெயரானது. நம் ஆய்வுக்குரிய சொல்லோ பழைய ஆங்கிலத்தில் வட்டமான உண்கலத்தைக் குறித்தது. நம் கிண்ணமும் வட்டிலும் போன்றது.

உண்கலம் எப்படி ஆட்டக்களம் ஆயிற்று? 1914இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகம் ஒரு மாபெரும் அரங்கைக் கட்டியது. தரையை ஆழமாகத் தோண்டி, தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாகக் குவித்து, அந்தக் கரையின் உட்சரிவில் இருக்கைகளை அமைத்தார்கள். ஆடுகளம் நிலமட்டத்துக்குக் கீழே கிண்ணத்தின் அடிபோல் கிடந்தது. அரங்குக்கு ‘யேல் பவுல்’ என்றே பெயர் வைத்தார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் 1922இல் எழுந்த அரங்கு, அவ்வூரின் புத்தாண்டு ரோஜாத் திருவிழாவை ஒட்டி ‘ரோஸ் பவுல்’ ஆயிற்று. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பெயர் வைத்தபோது அது முழுக் கிண்ணமாகவே இல்லை. தென்புறம் திறந்த குதிரைலாட வடிவில்தான் கட்டினார்கள்; 1928இல்தான் அந்த வாயை அடைத்து வட்டத்தை முடித்தார்கள்.

அரங்குக்கு முன்பே ஆட்டம் இருந்தது. 1902 புத்தாண்டு நாளில் அதே திருவிழாவுக்காக மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணிகளை அழைத்து மோதவிட்டார்கள். மிச்சிகன் 49–0 என்று முன்னிலை பெற்றிருந்த நிலையில், நேரம் மிச்சமிருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு ஆட்டத்தை முடித்துக்கொள்ளக் கேட்டுக்கொண்டது. அதன்பின் விழாக்குழு கால்பந்தைக் கைவிட்டுத் தேர்ப்பந்தயம்கூட நடத்திப் பார்த்தது. 1916இல்தான் கால்பந்து திரும்பியது. 1923 முதல் ஆட்டம் புதிய அரங்குக்கு மாற, அரங்கின் பெயர் ஆட்டத்தின் மேல் ஏறிக்கொண்டது. பிற நகரங்களும் அதைப் பின்பற்றின: 1935இல் மயாமியில் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்சில் சுகர் பவுல், 1937இல் டல்லாசில் காட்டன் பவுல். இன்று நியூயார்க்கின் பேஸ்பால் அரங்கில் நடக்கும் ஆட்டத்துக்கும் பவுல் என்றே பெயர். வடிவம் உதிர்ந்து பெயர் மட்டும் நிற்கிறது.

தமிழ் இலக்கணம் இந்த நகர்வுக்கு ஆயத்தமான பெயர் வைத்திருக்கிறது. கலத்தின் பெயர் அதுபோன்ற வடிவுடைய அரங்குக்கு ஆவது உவமையாகுபெயர். அரங்கின் பெயர் அங்கே நடக்கும் ஆட்டத்துக்கு ஆவது இடவாகுபெயர். கருமையைக் குறித்த ‘கார்’ மேகத்துக்கு ஆகி, மேகத்திலிருந்து மழைக்காலத்துக்கும் ஆனதுபோல, ‘பவுல்’ ஓர் இருமடியாகுபெயர்.

ஆகவே ‘கோப்பை’ பொருந்தாது. நம் வழக்கில் கோப்பை என்பது வென்றவர் கையில் ஏந்தும் பரிசு. அதிலிருந்து விரிந்து, பல அணிகள் படிப்படியாக மோதி முன்னேறும் போட்டித் தொடர். பவுல் பரிசும் அன்று, தொடரும் அன்று; அழைக்கப்பட்ட இரண்டு அணிகள் மோதும் ஒற்றை ஆட்டம். ‘கிண்ணம்’ நேர்ப்பொருள்தான் என்றாலும், இலங்கைத் தமிழர் ‘உலகக் கிண்ணம்’ என்றே எழுதுவதால், அங்குள்ள வாசகருக்கு அதே மயக்கம் இதிலும் நேரும். ரோஸ் பவுல் போன்ற சிறப்புப்பெயர்களை ஒலிபெயர்த்து அப்படியே விட்டுவிட்டு, பொதுப்பெயராக வரும் இடத்தில் ‘அழைப்பாட்டம்’ என்று எழுதலாம் என்பது என் துணிபு. ஏனெனில் அழைப்பே இதன் உயிர். குளிர்காலத்தில் விருந்தினரை ஊருக்கு வரவழைக்க நகரத்தார் தொடங்கிய விழா இது. வண்ண மேலங்கி அணிந்த விழாக்குழுவினர் பருவம் முழுவதும் ஆட்டங்களுக்குப் போய், யாருடைய அணி நன்றாக ஆடுகிறது என்பதோடு, யாருடைய ரசிகர்கள் திரண்டு வந்து விடுதிகளை நிரப்புவார்கள் என்பதையும் கணக்கிட்டு அழைத்தார்கள். பின்னர் கூட்டமைப்புகளோடு, அதாவது பல்கலைக்கழக அணிகள் பிரிந்து சேர்ந்திருக்கும் குழுக்களோடு, ஒப்பந்தங்கள் வந்தன. இன்று ஓர் அணி ஆறு ஆட்டங்களில் வென்றால் பொதுவாக அழைப்புத் தகுதி பெறும். அப்படிப்பட்ட அணிகள் போதாமற்போன 2015ஆம் ஆண்டுப் பருவத்தில், ஐந்தே வெற்றி பெற்ற நெப்ராஸ்கா உள்ளிட்ட மூன்று அணிகளை, வீரர்களின் கல்வித் தேர்ச்சிப் புள்ளிகளை வைத்து அழைத்தார்கள்.

விழாவுக்கு விருந்தாளியை அழைப்பதில் பெரிய வழக்கு எழாது. அதே அழைப்பை வைத்து நாட்டின் முதல் அணி எது என்று தீர்மானிக்க முயன்றபோதுதான் வழக்கு எழுந்தது. ஐபிஎல் வழியாக நமக்குப் பழகிய ‘பிளே-ஆஃப்’ வேறு வகை: புள்ளிப்பட்டியலின் முதல் நான்கு இடங்களே நுழைவுச்சீட்டு, யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மேல்மட்டத்தில் 130க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆடுவதோ பன்னிரண்டு, பதின்மூன்று ஆட்டங்கள். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. எனவே புள்ளிகளால் மட்டும் வரிசைப்படுத்த வழியில்லை. கருத்து நுழைந்தே தீரும். 1998இல் தொடங்கிய முறை செய்தியாளர்கள், பயிற்சியாளர்கள் ஆகியோரின் வாக்கெடுப்புகளையும் கணினித் தரவரிசைகளையும் கலந்து இரண்டு அணிகளை இறுதிக்கு அனுப்பியது. 2003இல் இரு முக்கிய வாக்கெடுப்புகளிலும் முதலிடம் பெற்றிருந்த தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணியே அந்தக் கணக்கில் வெளியே நின்றது. 2014இல் 13 பேர் அடங்கிய தேர்வுக்குழு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது.

இங்கேதான் தமிழில் எழுதுபவர் இன்னொரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். நம் ‘தகுதி’ ஒரே மூச்சில் மூன்று பொருளைத் தாங்குகிறது: வரம்பை எட்டியிருத்தல், ஆற்றல் உடைமை, உழைத்து ஈட்டிய உரிமை. அமெரிக்கர்களின் சண்டையோ கடைசி இரண்டுக்கும் இடையில்தான். 2023இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்று தன் கூட்டமைப்பின் பட்டத்தையும் பெற்றிருந்தது. அதன் முன்னணி வீரர் ஜோர்டன் டிராவிஸ் காயமடைந்து பருவத்தையே இழந்திருந்தார். அவர் இல்லாத அணி அதே அணி அன்று என்று கருதிய குழு, ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமாவை நான்காம் இடத்தில் ஏற்றி, தோல்வியே அறியாத அணியை வெளியே நிறுத்தியது. குழு கேட்டது ‘யார் வல்லவர்?’ என்ற கேள்வி. ஃபுளோரிடா ரசிகர்கள் கேட்டது ‘யார் உரியவர்?’ என்ற கேள்வி. இரண்டையும் ‘தகுதி’ என்றே பெயர்த்தால் இரு தரப்பும் ஒன்றையே சொல்வதுபோல் ஆகிவிடும். பின்னர் ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் அந்த அணி 63–3 என்று தோற்றதைக் காட்டிக் குழுவின் முடிவு சரியென வாதிட்டார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை: பட்டம் கைவிட்டுப்போன அழைப்பாட்டத்தில் பல முன்னணி வீரர்கள் களமிறங்கவேயில்லை. களத்தில் ஈட்டியதை ஊகம் பறித்துக்கொள்வது எந்த விளையாட்டுக்கும் முறையன்று.

2024இல் நான்கு பன்னிரண்டாயிற்று. முதல் சுற்று பெரும்பாலும் பல்கலைக்கழகங்களின் சொந்தத் திடல்களில் நடக்க, காலிறுதியும் அரையிறுதியும் ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், பீச், ஃபியெஸ்டா ஆகிய ஆறு பவுல்களுக்குப் போய்விட்டன. இவற்றில் மோதுபவர்கள் விழாக்குழுவின் விருந்தினர்கள் அல்லர். தரவரிசையின் மேலிடத்தால் நேரே காலிறுதிக்கு வந்தவர்கள், அல்லது முந்தைய சுற்றில் வென்று வந்தவர்கள். எனவே 2025 புத்தாண்டில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் ஒரிகனை 41–21 என்று வென்றதை ‘ரோஸ் பவுல் காலிறுதி’ என்றே எழுத வேண்டும். ஆறு வெற்றிகளோடு அழைக்கப்பட்டவர்கள் ஆடும் மற்ற பவுல்களுக்கு ‘அழைப்பாட்டம்’ பொருந்தும்.