நிறுத்த வேண்டியது ஃபூல் மட்டும்தான்

பெய்ரூத்தில் வசந்தம் வந்தால் காய்கறிக் கடைகளில் பச்சை ஃபூல், அதாவது ஃபாவா பீன்ஸ், குவிந்துவிடும். அதன் பின்னாலேயே கண் மஞ்சளித்த பையன்கள் எங்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்குவார்கள். கடைசியாக வந்தவனுக்கு ஏழு வயது. சிறுநீர் கோலா நிறத்தில் போயிருந்தது, ஹீமோகுளோபின் 6. ரத்தம் ஏற்றித்தான் தேற்றினார்கள். அவனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது ஃபூல் ஆகாத பிறவி நொதிக் குறைவு, இருப்பது கைக்குழந்தையாக இருந்தபோதே வீட்டுக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

அந்த வீட்டில் கொண்டைக்கடலை கிடையாது, மைசூர்ப் பருப்பு கிடையாது, பட்டாணி கிடையாது. கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹும்முஸ் கிண்ணம் மேசைக்கு வந்தால் பையனை எழுப்பி வேறு அறைக்கு அனுப்புவார்களாம். இவ்வளவு கெடுபிடிக்கும் நடுவில், பள்ளிவிட்டு வரும் வழியில் மாமா ஃபலாஃபெல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நம் ஊர் மசால்வடை மாதிரி இருக்கும் அது எதை அரைத்துச் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எகிப்துப் பாணி ஃபலாஃபெல் முழுக்க முழுக்க ஃபூல். லெபனான் கடைகள் பலவற்றில் கொண்டைக்கடலையும் ஃபூலும் கலந்து அரைக்கிறார்கள்.

நான் உணவியல் பார்ப்பவள். மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றி அனுப்பியபின் 'இனி என்ன சாப்பிடலாம்' என்ற கேள்வியோடு என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் கையில் ஒரு பட்டியல் இருக்கும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது: பயறு, பருப்பு, கடலை, சோயா எதுவும் கூடாது. அதைக் கிழித்துப்போடுவதுதான் என் முதல் வேலை.

ஜி6பிடி என்பது சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி. சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு. உலகத்தில் சுமார் 40 கோடிப் பேருக்கு இப்படி. மத்தியதரைக் கடல் நாடுகளில் காணப்படும் வகை கொஞ்சம் கடுமையானது. ஃபூலில் விசின், கான்விசின் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. அவை உள்ளே போனால் இவர்களுடைய சிவப்பணுக்கள் உடைகின்றன. கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பட்டாணி, பச்சை பீன்ஸ், வெள்ளை பீன்ஸ் ஆகியவற்றால் இந்த ஆபத்து இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, எல்லாம் காய்க்குள் விதையாகத்தான் இருக்கிறது என்பதற்காக மொத்தக் குடும்பத்தையும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. நம் அவரைக்காயும் வேறு செடிதான்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், லெபனான் வீட்டுச் சமையலில் இவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? லூபியே பி ஸேத் என்று ஒரு பண்டம். வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, பூண்டை முழுப் பல்லாகப் போட்டு, பச்சை பீன்ஸும் தக்காளியும் சேர்த்து, மூடிவைத்துச் சிறு தீயில் விடுவார்கள். பீன்ஸ் பச்சை நிறம் போய்க் குழையும் வரை திறக்க மாட்டார்கள். ஆறவிட்டு ரொட்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டும். அப்புறம் பருப்பும் அரிசியும் வெந்து, மேலே கருகுவதற்கு ஒரு நொடி முன் எடுத்த வெங்காயம் தூவிய முஜத்தரா. கேரட்டோடு பட்டாணி பஸெல்லா, வெண்டைக்காய் பாமியே, ஹிந்த்பே கீரை, எல்லாம் இந்தப் பையன் தாராளமாகச் சாப்பிடலாம். இவற்றைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்குச் சிப்ஸும் வெள்ளை ரொட்டியும் கொடுத்து வளர்த்தால், சோகை வேறு வழியில் வந்து நிற்கும்.

சரி, ஃபூல் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்? காலை உணவுக்கு வேகவைத்த ஃபூல் முதம்மஸ், அது எல்லோருக்கும் தெரியும். இளம் காயை நாரெடுத்துத் தோலோடு நறுக்கி, கொத்தமல்லி, பூண்டு போட்டு எண்ணெயில் வதக்குவது இன்னொன்று. இளம் விதையில்தான் அந்த நச்சு மிக அதிகம். அரிசியோடு ஒன்று, கூனைப்பூவோடு (ஆர்டிசோக்) ஒன்று. கொண்டைக்கடலையும் ஃபூலும் கலந்த டின்னும் விற்கிறார்கள், லேபிளைப் படியுங்கள். வெளியே ஃபலாஃபெல் வேண்டவே வேண்டாம். வீட்டில் வெறும் கொண்டைக்கடலையில் செய்து கொடுங்கள், பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

'நன்றாக ஊறவைத்தேன், தோலுரித்தேன், இரவெல்லாம் வேகவைத்தேன்' என்று பாட்டிமார் வாதாடுவார்கள். நச்சு கொஞ்சம் குறையலாம், போகாது. 'போன வருடம் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை' என்பதும் கணக்கில் சேராது. ஒரு முறை தப்பியவன் அடுத்த முறை தப்புவான் என்று சொல்ல முடியாது. தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவும் ஃபூலைத் தொடக்கூடாது, பால் வழியாகக் குழந்தைக்குப் போகும்.

மகனுக்கு இது தாய்வழியாகத்தான் வருகிறது. அதை வைத்து மருமகளை ஏசுகிறவர்களை எங்கள் வரவேற்பறையிலேயே பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பெண்பிள்ளைகளுக்கு வரவே வராது என்றும் நினைக்காதீர்கள், குறைவாக வரும், அவ்வளவுதான்.

லெபனான் வீடுகளில் சமையல் செய்யும் இலங்கைச் சகோதரிகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு ஃபூல் ஆகாது என்று எஜமானி ஒருமுறை சொல்லிவிட்டு மறந்திருப்பார். அடுப்பில் நிற்பது நீங்கள்தான். சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் குறைபாடு இருக்கலாம், நம்மிடையே இல்லாத ஒன்றில்லை. பிரைமாகுயின் (மலேரியாவுக்கு), டாப்சோன் (தொழுநோய்க்கு) போன்ற மருந்துகளும் சிவப்பணுவை உடைக்கும், அவற்றை எடுக்கும் முன் இதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அலமாரியில் நாப்தலின் உருண்டையும் அதே காரணத்தால் வைக்காதீர்கள்.

சாப்பிட்ட ஓரிரு நாளில் முகம் வெளிறி, கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்தால் உடனே மருத்துவமனை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் எடுக்கும் நொதிச் சோதனை 'இயல்பு' என்று வந்தாலும் நம்பிவிட வேண்டாம். பழைய அணுக்கள் உடைந்துபோய், நொதி அதிகமுள்ள இளம் அணுக்களே ரத்தத்தில் மிஞ்சியிருக்கும். சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.