சேற்று நண்டு இளவுயிரிகளும் அவை உண்ணும் உயிருள்ள இரையும்

சேற்று நண்டுப் பொரிப்பகங்களில் பேரிழப்பு பெரும்பாலும் ஐந்தாம் சோயியா (பொரித்த இளவுயிரி கடக்கும் ஐந்து சோயியா நிலைகளில் கடைசியானது) மெகலோபாவாக (நண்டுக் குஞ்சாவதற்கு முந்தைய நிலை) மாறும் ஓரிரு நாள்களில் நேர்கிறது. முந்தைய நாள் வரை நன்றாக நீந்திய இளவுயிரிகள் பழைய தோட்டிலிருந்து முழுமையாக வெளிவர இயலாமல், பாதி உரித்த நிலையிலேயே தொட்டியின் அடியில் கிடக்கும். உடனே உப்புத்தன்மையையும் அமோனியாவையும் சோதிக்கிறார்கள், சோதிக்கத்தான் வேண்டும். ஆயினும் நீர் சரியாக இருந்தும் இந்த இறப்பு தொடரும்போது, அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் கொடுத்த இரையைத்தான் முதலில் ஐயுற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சீர்காழிக்கு அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சுகளை உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகு, கடலிலும் கழிமுகத்திலும் பிடித்த குஞ்சுகளை மட்டுமே நம்பியிருந்த நிலை மாறத் தொடங்கியது. ஆனால் ஒரு தாய் நண்டு பல லட்சம் முட்டைகளைச் சுமந்தாலும், அவற்றிலிருந்து நண்டுக் குஞ்சாகத் தேறுபவை மிகச் சொற்பமே.

முதல் சோயியாவால் இரையைத் துரத்திப் பிடிக்க இயலாது. தன்மீது வந்து மோதுவதையே பற்றி உண்கிறது. ஆகவே மில்லிலிட்டருக்குப் பத்து முதல் பதினைந்து ரோட்டிஃபர்கள் (நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகள்) எப்போதும் நீரில் இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கையைத் தவறாமல் கவனிப்பவர்கள்கூட அந்த ரோட்டிஃபர் எதைத் தின்று வளர்ந்தது என்பதைக் கேட்பதில்லை. ரொட்டி ஈஸ்ட்டை மட்டும் உண்டு பெருகிய ரோட்டிஃபரில், நண்டு தன் உடலில் போதிய அளவு உருவாக்கிக்கொள்ள முடியாத இபிஏ, டிஹெச்ஏ ஆகிய ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் மிகக் குறைவு. நானோகுளோராப்சிஸ் பாசி இபிஏ-வைத் தருகிறது. ஐசோகிரைசிஸ் பாசி டிஹெச்ஏ-வைத் தருகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே நல்லது. இவ்வாறு ஊட்டமேற்றிய ரோட்டிஃபரும் பாசியில்லாத நீரில் பட்டினி கிடந்தால் சில மணி நேரத்திலேயே சத்தை இழந்துவிடும் என்பதால், இளவுயிரித் தொட்டியிலும் சிறிது பாசி இருக்க வேண்டும். ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்தும் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் சோயியாவிலிருந்து ஆர்ட்டீமியா எனும் சிறிய உப்புநீர் ஓட்டுயிரியும் இரையாகச் சேர்கிறது. அன்று பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சில் டிஹெச்ஏ ஏறக்குறைய இல்லை. அதற்கு வாய் திறக்கவும் பொரித்த பிறகு ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். அதற்கு முன், இந்தக் கொழுப்பு அமிலங்களை ஏற்றுவதற்கான எண்ணெய் சார்ந்த ஊட்டக் கலவையில் இட்டால் கலவை வீணாவதுடன் நீரும் கெடும். ஊட்டமேற்றிய பின்னும் ஆர்ட்டீமியா தன் உடலில் டிஹெச்ஏ-வைச் சிறிது சிறிதாக இபிஏ-ஆக மாற்றிவிடுகிறது. எனவே உடனே கொடுக்க வேண்டும், இயலாதபோது குளிர்ந்த நீரில் வைத்து அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்த வேண்டும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். சத்து குறைந்தால் கேடு என்றறிந்த சிலர் ஊட்டக் கலவையை அளவின்றிக் கூட்டுகிறார்கள். மிகை ஊட்டம் பெற்ற ஐந்தாம் சோயியாவில் மெகலோபாவுக்குரிய கொடுக்குகள் காலத்துக்கு முன்பே பெருத்துவிடுகின்றன. அப்பெருத்த உறுப்புகளைப் பழைய தோட்டிலிருந்து இழுத்தெடுக்க முடியாமல் அது இறக்கிறது. குறைவும் மிகையும் ஒரே வகை இறப்பில் முடிவதால், இறந்தவற்றை எண்ணுவதால் மட்டும் காரணம் புலப்படாது. நான்காம் சோயியாவிலிருந்தே நாள்தோறும் சில இளவுயிரிகளை நுண்ணோக்கியில் வைத்து, கொடுக்குகளின் வளர்ச்சியைப் பார்த்து, ஊட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

ஊட்டக் கலவையின் எண்ணெய்ப் பசை இளவுயிரிகளுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியா பெருக ஏற்ற இடம். இரையை வளர்த்த நீரோடு அப்படியே இளவுயிரித் தொட்டியில் ஊற்றும் வழக்கத்தை உடனே கைவிட வேண்டும். நுண்வலையில் வடித்து, தூய்மைப்படுத்திய கடல்நீரில் நன்றாக அலசிய பின்னரே கொடுக்க வேண்டும். ஆர்ட்டீமியா முட்டைகளைப் பொரிக்க வைப்பதற்கு முன்பே ஹைப்போகுளோரைட் கரைசலில் ஓடு நீக்கிவிட்டால் அதன் வழியே வரும் கிருமிகளும் பெரிதும் குறையும்.